பழைய வட்டும் திருந்திய பதிப்பும்

கணினி இயங்குதளத்தை மீண்டும் நிறுவுமுன் செய்யத்தக்கவை

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த பெரியோர் நூலின் இறுதியில் ‘பிழையும் திருத்தமும்’ என்றொரு பட்டியலைச் சேர்ப்பது வழக்கம். அச்சேறிய பின்னர்க் கண்ட பிழைகள் அதில் இடம்பெறும். நூலைக் கையில் எடுப்பவர் முதற்கண் அப்பட்டியலைப் பார்த்து, உரிய பக்கங்களைத் திருத்திக்கொண்டு, பின்பே படித்தல் வேண்டும். அங்ஙனம் செய்யாதார் பிழையையே பாடமாகக் கொள்வர். மறுபதிப்பு வெளிவரும்பொழுது அத்திருத்தங்கள் நூலினுள்ளேயே கலந்துவிடும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிட்டார். மேலும் ஆராய்ந்து திருத்திய இரண்டாம் பதிப்பை 1907இல் வெளியிட்டார். முதற்பதிப்பையும் திருத்தப் பட்டியலையும் தனித்தனியே வைத்துக்கொண்டு இடர்ப்படுவதற்கும், திருந்திய பதிப்பு ஒன்றையே வைத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழாசிரியர் நன்கறிவர்.

இதே வேறுபாடு கணினித் துறையிலும் உண்டு. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்பது பெயர். விண்டோஸ், லினக்ஸ் முதலியன அவ்வகையின. ஓர் இயங்குதளத்தைக் கணினியில் பதிப்பதற்குரிய கோப்புகள் குறுவட்டிலோ பென்டிரைவிலோ வருகின்றன. அவற்றை ஈண்டு நிறுவற் கோப்புகள் எனலாம். இயங்குதளம் வெளிவந்த பின்னர் அதில் காணப்படும் குறைகளுக்கு நிறுவனத்தார் அவ்வப்போது திருத்தங்கள் வெளியிடுகின்றனர். பழைய வட்டைக் கொண்டு இயங்குதளத்தை நிறுவியபின் திருத்தங்களைத் தேடிச் சேர்ப்பது ஒருமுறை. திருத்தங்களை நிறுவற் கோப்புகளோடு முன்னரே கலந்து, திருந்திய வட்டு ஒன்றை ஆக்கிக்கொண்டு, அதனால் நிறுவுவது மற்றொரு முறை. இவற்றுள் பின்னதே சிறந்தது என்பதையும், அதனைச் செய்யும் நெறியையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

மீண்டும் நிறுவ நேர்வது ஏன்?

ஈயச் சுரங்கங்களால் பெயர்பெற்ற லாருட் மாவட்டத்தில் கமுந்திங், தைப்பிங் ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. தீபகற்ப மலேசியாவில் மழை மிகுந்த வட்டாரம் இதுவே. மழையோடு இடியும் மின்னலும் வருவது இயல்பு. மின்சாரம் திடுமென நின்று மீளும்பொழுது, எழுதிக்கொண்டிருந்த வன்தட்டு பழுதுபடுவதுண்டு. மாணவர் கொணரும் பென்டிரைவின் வழியே நச்சுநிரல் புகுவதும் உண்டு. பல ஆண்டு உழைத்த கணினி மெல்ல மெல்லத் தளர்ந்து, ஒரு கடிதத்தைத் திறப்பதற்கே நெடுநேரம் எடுத்துக்கொள்வதும் உண்டு. இந்நிலைகளில் வன்தட்டை மாற்றியோ துடைத்தோ இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுதலே வழி.

இரப்பர்த் தோட்டத்தில் மறுநடவு செய்வதை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம். பால் வற்றிய கிழமரங்களை வெட்டி வீழ்த்திய மாத்திரத்தில் புதுக்கன்றை நட்டுவிடல் தகாது. நோயுற்ற பழைய வேரும் கட்டையும் மண்ணில் எஞ்சினால், வெள்ளை வேர்நோய் இளங்கன்றையும் பற்றும். ஆகவே நிலத்தைத் துப்புரவு செய்தபின், நாற்றுப்பண்ணையில் முன்னரே ஒட்டுக்கட்டி வளர்த்த நல்ல கன்றைக் கொணர்ந்து நடுவர். நிலமும் தூயதாதல் வேண்டும்; கன்றும் திருந்தியதாதல் வேண்டும். கணினியில் பலரும் நிலத்தைத் துடைப்பதோடு நின்றுவிடுகின்றனர், கன்றைப்பற்றி எண்ணுவதில்லை.

பழைய வட்டின் தீங்கு

ஒரு குறுவட்டு அது ஆக்கப்பட்ட நாளின் நிலையையே என்றும் காட்டும். அந்நாளுக்குப்பின் கண்ட குறை எதனையும் அது அறியாது. இதனால் விளைந்த கேட்டுக்கு 2003ஆம் ஆண்டின் நிகழ்ச்சி தக்க சான்று.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது. அதன் உள்ளமைப்பில் இருந்த ஒரு குறைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003 ஜூலை 16இல் திருத்தம் வெளியிட்டது. ஒரு திங்கள் கழிவதற்குள், ஆகஸ்டு 11இல், ‘பிளாஸ்டர்’ என்னும் புழுநிரல் அதே குறையின் வழியாகப் பரவத் தொடங்கியது. கணினியை இயக்குபவர் எதையும் திறக்க வேண்டியதில்லை. எந்த அஞ்சலையும் படிக்க வேண்டியதில்லை. காப்பின்றி இணையத்தோடு இணைந்திருப்பது ஒன்றே போதும். கணினி 60 நொடியில் நின்றுவிடும் என்ற அறிவிப்புத் திரையில் தோன்றும், அவ்வாறே நின்றும்விடும்.

நோயுற்ற கணினியைத் துடைத்துவிட்டு, 2001ஆம் ஆண்டு வட்டைக் கொண்டு மீண்டும் நிறுவினார் பலர். திருத்தத்தைப் பெறுவதற்கு இணையத்தில் நுழைந்தனர். திருத்தம் வந்து சேருமுன்னரே புழு வந்து சேர்ந்தது. மருந்து வாங்கச் செல்லும் வழியிலேயே நோய் காத்திருந்தது. காப்பற்ற விண்டோஸ் கணினி இணையத்தில் இணைந்தபின் சராசரியாக 20 நிமிடத்திற்குள் தாக்கப்படுகின்றது என்று இணையப் பாதுகாப்புத் துறையில் புகழ்பெற்ற சான்ஸ் நிறுவனம் 2004இல் கணித்தது. அந்நாளைய மெதுவான தொலைபேசி இணைப்பில் பெரிய திருத்தம் ஒன்றை இறக்குவதற்கு அந்நேரம் போதாது. நிறுவும்பொழுதே திருத்தமும் உடனிருத்தல் வேண்டும் என்பது இதனால் தெளிவாகும்.

எக்ஸ்பியில் கையாண்ட முறை

சிறு திருத்தங்கள் பல சேர்ந்தபின் அவற்றைத் தொகுத்து ‘சர்வீஸ் பேக்’ என்ற பெயரில் வெளியிடுவது அக்கால வழக்கம். எக்ஸ்பிக்கு 2002இல் முதல் தொகுப்பும், 2004இல் இரண்டாம் தொகுப்பும், 2008இல் மூன்றாம் தொகுப்பும் வந்தன. இரண்டாம் தொகுப்பு ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. அதுகாறும் அணைக்கப்பட்டே வந்த தீச்சுவர் எனும் காப்பு, அத்தொகுப்பு முதல் தானே இயங்கத் தொடங்கியது.

இத்தொகுப்பை வட்டோடு கலத்தல் அரிய செயலன்று. முதலில் வட்டிலுள்ள கோப்புகள் அனைத்தும் வன்தட்டில் ஒரு கோப்புறைக்குப் படியெடுக்கப்படும். பின்னர்த் தொகுப்பினை ‘இன்டெக்ரேட்’ என்னும் ஏவலோடு அக்கோப்புறையின்மேல் இயக்கினால், பழைய கோப்புகள் இருந்த இடத்தில் திருந்திய கோப்புகள் அமரும். இறுதியில் அக்கோப்புறை புதிய வட்டில் எழுதப்படும். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. கோப்புகளை மட்டும் வட்டில் எழுதினால் கணினி அவ்வட்டிலிருந்து தொடங்காது. மூலவட்டின் தொடக்கப் பகுதியையும் எடுத்துப் புதிய வட்டில் அமைத்தல் வேண்டும். இதனை மறந்தவர் வட்டு வட்டாக வீணாக்கினர்.

தொகுப்பைக் கலந்துவிட்டோம், இனி அச்சமில்லை என்று இருப்பதும் தவறு. எக்ஸ்பியின் மூன்றாம் தொகுப்பு 2008 மே திங்களில் பொதுமக்களுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 23இல் மற்றொரு பெருங்குறைக்குத் திருத்தம் வந்தது. அடுத்த திங்களே அக்குறையின் வழியாக ‘கான்ஃபிக்கர்’ என்னும் புழு பரவியது. அதன் பிந்திய வடிவங்கள் பென்டிரைவின் மூலமாகவும் பரவின. மே மாதத்து வட்டில் அக்டோபர்த் திருத்தம் இருத்தற்கு வழியில்லை. ஆகவே தொகுப்புக்குப் பின்வந்த தனித்திருத்தங்களையும் சேர்த்தவரே உண்மையில் திருந்திய பதிப்பை உடையவராயினர்.

தமிழுக்குரிய சிறப்புத் தேவை

பாதுகாப்பு எல்லா மொழியார்க்கும் பொது. தமிழ் எழுதுவோர்க்கு இதில் வேறொரு தேவையும் உண்டு.

உயிர்மெய்யை ஒலிக்கும்பொழுது மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் முதலானோர் கண்ட உண்மை. யூனிகோடு எனப்படும் ஒருங்குறியும் இவ்வொலி முறையையே பின்பற்றுகின்றது. ‘கெ’ என்னும் எழுத்தைச் சேமிக்கும்போது ககரத்தின் குறியெண் முன்னும் எகரக் குறியின் எண் பின்னும் நிற்கும். ஆனால் எழுதுங்கால் ஒற்றைக்கொம்பு ககரத்திற்கு முன்னே வருகின்றது. ‘கொ’ என்பதிலோ ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து, ககரத்தின் இருபுறமும் நிற்கின்றது. ஒலி முறையில் சேமித்ததை எழுத்து முறையில் திரையிற் காட்டுவதற்கு இயங்குதளத்தினுள்ளே தனியே ஒரு பொறி வேண்டும். அஃது இல்லாவிடின் கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளியிட்ட வட்டங்கள் நடுவே தோன்றும், படிப்பவர் திகைப்பர்.

2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000 இப்பொறியையும் ‘லதா’ என்னும் தமிழ் எழுத்துருவையும் கொண்டிருந்தது. எக்ஸ்பியும் கொண்டிருந்தது. ஆயினும் பொதுவாக நிறுவிய எக்ஸ்பியில் அது தானே இயங்கவில்லை. வட்டார, மொழி அமைப்புப் பகுதியில் சென்று, கூட்டெழுத்து மொழிகளுக்குரிய கோப்புகளை நிறுவுமாறு ஒரு கட்டத்தில் குறியிடல் வேண்டும். குறியிட்டவுடன் கணினி மூலவட்டைக் கேட்கும். வட்டு கைவசம் இல்லையேல் தமிழ் இல்லை. கணினியை விற்றவர் வட்டைத் தராமற் போயினும், அலமாரியில் வைத்த வட்டு பூஞ்சணம் பிடித்தாலும், ஒருங்குறித் தமிழை அப்பள்ளி இழந்தது.

இதற்கும் முன்னேற்பாடே மருந்தாக இருந்தது. நிறுவும்பொழுது கணினி கேட்கும் வினாக்களுக்கெல்லாம் விடைகளை எழுதிய ஒரு சிறு கோப்பினை வட்டில் வைக்கலாம். மொழித்தொகுதியும் விசைப்பலகையும் நேரமண்டலமும் அதில் குறிக்கப்பெறின், நிறுவி முடிந்தவுடனேயே தமிழ் சரியாகத் தோன்றும். 2007இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல் இத்தொல்லை நீங்கியது. கூட்டெழுத்துப் பொறி எப்போதும் இயங்குவதாயிற்று.

எனினும் பழைய வட்டால் தமிழுக்கு வரும் குறை முற்றும் நீங்கியதன்று. ‘ஶ’ என்னும் கிரந்த எழுத்து ஒருங்குறியில் சேர்ந்தது 2005இல். தமிழ்ப் பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளும் அடங்கிய 51 குறிகள் 2019இல் சேர்ந்தன. அவற்றிற்கு முற்பட்ட இயங்குதளத்தின் எழுத்துருவில் அவை வெறுங்கட்டமாகவே தோன்றும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி ஏற்கப்பெற்ற தமிழ் 99 விசைப்பலகை, விண்டோஸ் 10இல் 2019ஆம் ஆண்டுப் புதுப்பித்தலோடு இடம்பெற்றது. 2015இல் ஆக்கிய விண்டோஸ் 10 நிறுவற் கோப்புகளைக் கொண்டு நிறுவுபவர் அவ்விசைப்பலகையைக் காணார்.

விஸ்டாவிற்குப் பிந்திய முறை

விஸ்டா முதல் நிறுவற் கோப்புகளின் அமைப்பே மாறியது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளுக்கு மாற்றாக, இயங்குதளம் முழுவதும் ‘படிமம்’ என்னும் ஒரே பெருங்கோப்பில் அடங்கியது. விண்டோஸ் 7 முதல் ‘டிஸ்ம்’ என்னும் கருவியால் அப்படிமத்தை ஒரு கோப்புறையில் விரித்து, திருத்தங்களை உட்செலுத்தி, மீண்டும் மூடிச் சேமிக்கலாம். ஒரே படிமத்தினுள் இல்லப் பதிப்பு, தொழிற்பதிப்பு எனப் பல இருப்பதுண்டு. ஒவ்வொன்றிற்கும் வரிசையெண் உண்டு. பள்ளியின் உரிமம் எப்பதிப்பிற்குரியதோ அதனைத் திருத்துதல் வேண்டும்; ஒன்றைத் திருத்தி மற்றொன்றை நிறுவினால் உழைப்பு வீணாகும்.

இம்முறையில் கவனிக்கத்தக்கவை மூன்று.

முதலாவது வரிசை. விண்டோஸ் 7க்கு 2016 மே திங்களில் ஒரு பெருந்தொகுப்பு வந்தது. 2011இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கிற்குப் பின்வந்த திருத்தங்களுள் பெரும்பாலன அதில் அடங்கின. அதனைப் படிமத்தில் செலுத்துமுன், 2015 ஏப்ரலில் வந்த வேறொரு சிறு திருத்தத்தைச் செலுத்தியிருத்தல் வேண்டும். அச்சிறு திருத்தம், திருத்தங்களை ஏற்கும் பொறியையே திருத்துவது. எழுத்தறியாதானுக்கு இலக்கணம் கற்பித்தல் இயலாதவாறு போல, முன்னது இன்றிப் பின்னது ஏறாது.

இரண்டாவது இயக்கிகள். கணினியின் உறுப்புகளோடு இயங்குதளம் பேசுவதற்குரிய சிறு நிரல்களே இயக்கிகள். 2015ஐ ஒட்டி வந்த புதிய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 7ஐ நிறுவ முயன்றபோது, முதல் திரையிலேயே விசைப்பலகையும் எலிப்பொறியும் செயலற்றன. யூஎஸ்பி 3 என்னும் புதிய இணைப்புக்குரிய இயக்கி பழைய வட்டில் இல்லாமையே காரணம். இவ்வியக்கியை நிறுவப்படும் படிமத்தில் மட்டும் செலுத்தினால் போதாது. நிறுவும் பணியை நடத்தும் தொடக்கப் படிமம் ஒன்று தனியே உண்டு. அதனுள்ளும் செலுத்துதல் வேண்டும்.

மூன்றாவது அளவு. திருத்தங்கள் ஏற ஏறப் படிமம் பெருக்கும். பென்டிரைவைப் பலரும் அமைக்கும் ஃபேட் 32 என்னும் முறையில் 4 ஜிகாபைட்டிற்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அடங்காது. அந்நிலையில் டிஸ்ம் கருவியைக்கொண்டே படிமத்தைப் பகுதிகளாகப் பிரித்து வைக்கலாம். நிறுவும் நிரல் அப்பகுதிகளைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

இன்றைய நிலை

இத்தொல்லைகளுட் பல இன்று குறைந்துள்ளன. விண்டோஸின் அண்மை வடிவத்தை நிறுவற் கோப்புகளாக மைக்ரோசாப்டின் தளத்திலிருந்தே இறக்கி, 8 ஜிகாபைட்டுப் பென்டிரைவில் எழுதிக்கொள்ளலாம். மாதந்தோறும் வரும் திருத்தம் முன்னைய திருத்தங்களையும் தன்னுள் அடக்கியே வருகின்றது. ஆதலால் ஓர் ஆண்டுக்கு முன் எழுதிய பென்டிரைவே கைவசம் இருப்பினும், இறுதித் திருத்தம் ஒன்றைச் செலுத்தினால் பெரும்பாலும் போதும்.

ஆயினும் திருத்தம் வரும்வரையில்தான் திருந்திய பதிப்பு பயன்தரும். எக்ஸ்பிக்குத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8இல் நின்றன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இல் பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்த கணினிகளுக்கே அதன்பின் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. விண்டோஸ் 11க்கோ பழைய கணினிகள் பலவற்றில் இல்லாத காப்புச் சில்லு வேண்டும். 2017 மே 12இல் தொடங்கிய ‘வான்னாக்ரை’ தாக்குதல், அதே ஆண்டு மார்ச்சு 14இல் வெளிவந்துவிட்ட திருத்தத்தைச் சேர்க்காத கணினிகளையே பெரிதும் வீழ்த்தியது. பிரிட்டனின் மருத்துவமனைகள் பல அதனால் நிலைகுலைந்தன. திருத்தம் நின்றுபோன இயங்குதளத்தை எத்துணைச் செம்மையாக நிறுவினும், அதனை இணையத்தோடு இணைத்தல் நன்றன்று.

அத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு வழி. டெபியன் என்னும் லினக்ஸ் குழுவினர், திருத்தங்களைக் கலந்த புதிய நிறுவற் கோப்புகளைச் சில திங்களுக்கு ஒருமுறை தாமே வெளியிடுகின்றனர். அதனை நிறுவும்போது தமிழிலேயே வினாவும் விளக்கமும் பெறலாம். இந்தியாவில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007இல் ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தைச் சென்னையில் உருவாக்கியது. கேரளத்தில் அரசின் ‘கைட்’ நிறுவனம், பள்ளிக்கு வேண்டிய பாடமென்பொருள்களைக் கலந்து தனி நிறுவற் கோப்புகளை ஆக்கித் தருகின்றது. 2019இல் வந்த அதன் பதிப்பு 2 இலட்சத்திற்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கென ஆக்கப்பட்டது. ஒருவர் செம்மையாகச் செய்து வைத்ததைப் பலரும் பயன்படுத்தும் இம்முறை, ஆசிரியர் தொகை குறைந்த சிறு பள்ளிகளுக்கு மிக ஏற்றது. ஒரு வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகள் சில சேர்ந்து இதனைச் செய்துகொள்ளலாம்.

நிறுவுமுன் காக்கத்தக்கவை

வன்தட்டைத் துடைத்தபின் வருந்திப் பயனில்லை. ஆசிரியர் பலர் ஆண்டுக்கணக்கில் தட்டச்சு செய்த வினாத்தாள்களும் பயிற்சிகளும் கணினியிலேயே இருக்கின்றன. அவற்றைப் படியெடுத்து வைப்பது யாவரும் அறிந்ததே. பலர் மறப்பது எழுத்துருவை. ஒருங்குறி பரவுவதற்கு முன் முரசு அஞ்சல், தகுதரம் எனப்படும் டிஸ்கி, தமிழக அரசு 1999இல் ஏற்ற டாப், டாம் எனப் பல குறியீட்டு முறைகளில் தமிழ் எழுதப்பட்டது. அக்கோப்புகளை அவற்றிற்குரிய எழுத்துருவின்றித் திறந்தால், ஆங்கில எழுத்தும் அயற்குறிகளும் கலந்த குப்பையே தோன்றும். இருபது ஆண்டு உழைப்பு ஒரு நொடியில் படிக்கவியலாததாகும். ஆகவே பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையையும் விசைப்பலகை மென்பொருளையும் உடன் காத்தல் இன்றியமையாதது. இயன்றவர் அக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றியும் வைத்தல் நலம்.

செய்யத்தக்கவற்றை முறைப்படுத்திக் கூறின் பின்வருமாறு:

1. ஆவணங்கள், எழுத்துருக்கள், விசைப்பலகை மென்பொருள், இயக்கிகள் ஆகியவற்றை வேறொரு வன்தட்டில் படியெடுத்து, அப்படி வேறொரு கணினியில் திறக்கின்றதா என்று பார்த்தல்.

2. உரிமச் சாவியைத் தாளில் எழுதி வைத்தல்.

3. நிறுவற் கோப்புகளை உரிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே, நோயற்ற வேறொரு கணினியில் இறக்குதல். வெளியிட்டவர் தரும் எஸ்எச்ஏ 256 என்னும் சரிபார்ப்பு எண்ணை இறக்கிய கோப்பின் எண்ணோடு ஒப்பிடல். ஓர் எழுத்து மாறினும் அக்கோப்பைத் தள்ளிவிடல்.

4. திருத்தங்களையும் இயக்கிகளையும் வரிசை பிறழாது கலந்து, பென்டிரைவில் எழுதுதல்.

5. ஒரு கணினியில் நிறுவிச் சோதித்து, தமிழ் சரியாகத் தோன்றுகின்றதா என்று கண்ட பின்னரே ஏனையவற்றில் நிறுவுதல்.

6. பழைய ஆவணங்களை நச்சுநிரல் ஆய்வு செய்த பின்னரே மீண்டும் சேர்த்தல். நோயுற்ற பென்டிரைவு, மண்ணில் எஞ்சிய நோய்வேர் போன்றது.

7. பென்டிரைவின்மேல் இயங்குதளத்தின் பெயரையும், கலந்த இறுதித் திருத்தத்தின் நாளையும் எழுதி ஒட்டுதல்.

இறுதியிற் கூறியது சிறிதாகத் தோன்றினும் பயன் பெரிது. நூலின் முகப்பில் பதிப்பாண்டு இல்லையேல் ஆராய்வோர் இடர்ப்படுவர். நாள் குறிக்கப்பெறாத வட்டும் அத்தகையதே. ஐந்தாண்டு கழித்து வேறோர் ஆசிரியர் அதனை அலமாரியிலிருந்து எடுக்கும்பொழுது, அது எந்நாள் வரை திருத்தப்பட்டது, இனிச் சேர்க்க வேண்டுவன யாவை என்பதை அவ்வொரு வரியே அவருக்கு உணர்த்தும்.